ஒரே லைன், பல கணினி: தோட்டப்புற வீட்டில் இணையத்தைப் பகிர்ந்துகொள்ள ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரே வீட்டில் நான்கைந்து கணினிகள் ஓடுவது இப்போது சாதாரணம். மகளுக்குப் பல்கலைக்கழக வேலை, மகனுக்கு டெலிமா என்ற கல்வித் தளத்தில் பள்ளிப் பாடம், அண்ணனுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை. வீட்டுக்கு வரும் லைன் மட்டும் ஒன்றுதான். அதை எல்லாருக்கும் சரியாகப் பிரித்துக் கொடுக்க எங்கள் வீட்டில் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. கடைக்காரர் ஒன்று சொல்வார், ஏஜெண்ட் வேறு சொல்வார், கடைசியில் எல்லாரும் “பெரிய பேக்கேஜ் எடுங்க” என்று முடிப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் பணம் அங்கே போகவே வேண்டியதில்லை. ரௌட்டர் வைத்திருக்கும் இடத்தையும் உள்ளே ஓடும் கம்பியையும் சரிசெய்தாலே போதும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, தோட்டத்து லயன் (வரிசை) வீடு இரண்டுக்கும் பொருந்தும்படி வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த லைன் வரும் என்று முதலில் பாருங்கள்

பக்கத்து தாமானில் ஃபைபர் இருக்கிறது என்பதால் உங்கள் வீட்டுக்கும் வரும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். தெருக் கம்பத்தில் இருக்கும் பெட்டியிலிருந்துதான் ஒவ்வொரு வீட்டுக்கும் லைன் இழுப்பார்கள். அந்தப் பெட்டியில் உள்ள போர்ட் (லைன் செருகும் துளை) எல்லாம் நிரம்பிவிட்டால், எதிர் வீட்டில் இணையம் இருந்தாலும் நீங்கள் காத்திருக்கத்தான் வேண்டும். “இங்கே லைன் இருக்கா?” என்று மட்டும் கேட்காமல், “போர்ட் காலியாக இருக்கா?” என்றும் கேளுங்கள்.

தோட்ட வீடுகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தோட்டத்தின் பெயரும் வீட்டு எண்ணும் நிறுவனத்தின் முகவரிப் பட்டியலில் பல நேரம் இருக்காது. இயங்கலையில் தேடினால் “சேவை இல்லை” என்று வந்துவிடும். அதோடு விட்டுவிடாமல் வீட்டின் இடத்தை வரைபடத்தில் குறித்து, அருகில் உள்ள கம்பத்துப் பெட்டியையும் படம் எடுத்து, நேரில் கடைக்குப் போய்க் காட்டுங்கள். ஃபைபர் வரவே வராது என்று உறுதியானால் 9ஆம் பகுதிக்குப் போய்விடலாம்.

2. யார் பெயரில் எடுப்பது, என்னென்ன ஆவணம்

பொதுவாகக் கேட்பவை: மைகார்டு (அடையாள அட்டை), கைப்பேசி எண், மின்னஞ்சல், முகவரிக்குச் சான்றாக டிஎன்பி மின்சார பில் அல்லது தண்ணீர் பில். வாடகை வீடு என்றால் வாடகை ஒப்பந்தம். தோட்ட நிர்வாகத்தின் வீடு என்றால், சுவரில் துளை போடவும் கம்பி இழுக்கவும் அனுமதி என்று தோட்ட அலுவலகத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கிராணியிடம் (தோட்டக் கணக்கரிடம்) வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு வந்தால், பொருத்த வரும் நாளில் யாராவது ஒருவர் வந்து தடுப்பார்.

மைகார்டு நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் “உந்துக் பெர்மோஹோனான் இன்டர்நெட் சஹாஜா” (இணைய விண்ணப்பத்துக்கு மட்டும்) என்று எழுதிக் கொடுங்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மேசை போட்டு ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகளிடம் கொடுக்கும்போது இது மிகவும் முக்கியம். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறேன் என்றாலும், கோடு போட்ட நகலையே எடுக்கச் சொல்லுங்கள்.

பெயர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஒப்பந்தம் பெரும்பாலும் 24 மாதம். அப்பா இன்னும் ஒரு வருடத்தில் வேலை ஓய்வு பெற்று லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றால், அவர் பெயரில் 24 மாதம் கையெழுத்துப் போடுவது வீண் செலவில் முடியும். இடையில் நிறுத்தினால் அபராதம், வேறு இடத்துக்கு மாற்றினால் அதற்குக் கட்டணம். இரண்டும் எவ்வளவு என்று கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெயருக்குச் சட்டப் பக்கமும் ஒன்று உண்டு, அதை 8ஆம் பகுதியில் சொல்கிறேன்.

விளம்பரத்தில் போடும் விலைக்கு மேல் 6 விழுக்காடு சேவை வரி வரும். மாதச் செலவைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. எவ்வளவு வேகம் போதும்

100 எம்பிபிஎஸ் என்பது வினாடிக்கு 100 மெகாபிட். எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். தெளிவான ஒரு வீடியோ ஓட ஏறத்தாழ 5 எம்பிபிஎஸ் போதும். வீடியோ வழிக் கூட்டத்துக்கு 3, 4 இருந்தால் நன்றாகவே ஓடும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலும் 100 எம்பிபிஎஸ்ஸில் பாதிகூடத் தீராது.

பிறகு ஏன் திணறுகிறது? பல வீடுகளில் திணறுவது ஏற்றும் (அப்லோட்) வேகம். பல பேக்கேஜ்களில் ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிடக் குறைவாக இருக்கும், விளம்பரத்தில் அதைச் சின்ன எழுத்தில்தான் போடுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போய் வந்து எல்லாருடைய கைப்பேசியும் படங்களைக் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கினால், அந்த நேரத்தில் பிள்ளையின் இயங்கலை வகுப்பு உறைந்து நிற்கும். படம் ஏற்றுவதை இரவுக்குத் தள்ளி வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

4. பொருத்த வரும் நாள்

விண்ணப்பித்து, போர்ட்டும் காலியாக இருந்தால், ஒன்று இரண்டு வாரத்தில் ஆள் வருவார். அரை நாளாவது வீட்டில் இருங்கள். லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் இல்லாவிட்டால், அவர் எழுதிய அனுமதிக் கடிதமும் மைகார்டு நகலும் தயாராக இருக்கட்டும்.

வருபவருக்கு வேலை சீக்கிரம் முடிய வேண்டும். அதனால் கம்பத்துக்கு அருகில் உள்ள முன்சுவரில் துளை போட்டு, வாசல் ஓரத்திலேயே ரௌட்டரை வைத்துவிட்டுப் போவார். வீட்டின் ஒரு மூலையில் ரௌட்டர், மறு மூலையில் படிக்கும் அறை. பிற்பாடு வரும் தொல்லையில் பெரும்பகுதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. வீட்டின் நடுப்பகுதி, தரையிலிருந்து ஆறடி உயரம், அருகில் பிளக் உள்ள இடம் ஒன்றை முன்கூட்டியே பார்த்து வைத்து, “இங்கே வையுங்கள்” என்று சொல்லுங்கள். அதிகக் கம்பிக்குக் கொஞ்சம் பணம் கேட்டாலும் கொடுத்துவிடலாம். பின்னால் வைஃபையைப் பரப்ப வாங்கப் போகும் மெஷ் கருவியைவிட அது மலிவு.

அவர் கிளம்பும் முன் செய்ய வேண்டியவை: ஒரு மடிக்கணினியைக் கம்பி வழியாக நேரடியாக ரௌட்டரில் செருகி வேகத்தைச் சோதியுங்கள், வைஃபையில் சோதித்தால் கணக்கில் சேராது. ரௌட்டர் இணையத்துக்குள் நுழையப் பயன்படுத்தும் பிபிபிஓஇ பயனர் பெயரையும் பாஸ்வர்டையும் கேட்டு எழுதி வையுங்கள். பின்புறம் உள்ள சின்ன ரீசெட் துளையைப் பிள்ளைகள் ஊசியால் குத்திவிட்டால், பல ரௌட்டர்களில் அந்த விவரம் அழிந்து இணையமே நின்றுவிடும். ரௌட்டர் தகராறு செய்தால் பவரை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். ரீசெட் பக்கம் போகாதீர்கள்.

சொந்த ரௌட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால், அது விலேன் வசதி (லைனில் வரும் இணையத்தை ஓர் எண்ணால் பிரித்து எடுக்கும் வசதி) உள்ளதா என்று பாருங்கள். டிஎம் நிறுவனத்தின் யூனிஃபை லைனில் இணையம் விலேன் 500 வழியாக வருகிறது. அந்த எண்ணைப் போடும் வசதி இல்லாத ரௌட்டரை எவ்வளவு விலைக்கு வாங்கினாலும் அந்த லைனில் வேலை செய்யாது.

5. இடம் மாறாத கணினிக்குக் கம்பிதான்

மேசைக் கணினி, பிரிண்டர், தொலைக்காட்சி மூன்றும் இடம் மாறாதவை. இவற்றைக் கம்பியில் போட்டுவிட்டால் கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் வைஃபை தாராளமாகக் கிடைக்கும். பலர் கம்பி என்றால் பழைய காலத்து வேலை என்று ஒதுக்குகிறார்கள். என் கணக்கில் இந்தக் கட்டுரையிலேயே அதிகப் பயன் தரும் படி இதுதான்.

கேட்-5இ அல்லது கேட்-6 கம்பி வாங்குங்கள். வீட்டுக்கு இரண்டும் போதும். ஒரே துண்டாக 100 மீட்டர் வரை போகலாம், எந்த வீட்டுக்கும் அது தாராளம். விலை மீட்டருக்கு ஒன்றிலிருந்து மூன்று ரிங்கிட் வரை. இங்கே ஒரு பொறி உண்டு: மிக மலிவாகக் கிடைப்பது அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி. வளைத்தால் உள்ளே ஒடியும், சில மாதத்தில் இணைப்பு விட்டு விட்டு வரும். “ஃபுல் காப்பர்” என்று கேட்டு வாங்குங்கள். சுங்கை சிப்புட்டில் கிடைக்காவிட்டால் ஈப்போவுக்குப் போகும்போது வாங்கலாம், ஷாப்பி இணையக் கடையிலும் கிடைக்கும்.

ரௌட்டரின் பின்னால், வீட்டுக் கணினிகளைச் செருகும் லேன் போர்ட் பெரும்பாலும் மூன்று நான்குதான் இருக்கும். போதாவிட்டால் ஒரு ஸ்விட்ச் (ஒரு லேன் போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி). ஐந்து போர்ட் கொண்ட கிகாபிட் ஸ்விட்ச் 40இலிருந்து 70 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். அதற்கு எந்த அமைப்பும் செய்ய வேண்டாம். ரௌட்டரின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கம்பியை ஸ்விட்ச்சில் செருகி, மற்ற துளைகளில் கணினிகளைச் செருகினால் முடிந்தது. “100 எம்பிபிஎஸ்” என்று மட்டும் போட்டிருக்கும் பழைய வகை ஸ்விட்ச்சை மலிவாக இருக்கிறதென்று எடுக்காதீர்கள்.

தலை பொருத்திய கம்பியை வாங்கினால் கிரிம்பிங் வேலை (முனையில் தலையை அழுத்திப் பொருத்துவது) மிச்சம். ஆனால் சுவர்த் துளையில் அந்தத் தலை நுழையாது. நீங்களே ஆர்ஜே-45 தலை போடுவதாக இருந்தால், இரண்டு முனையிலும் ஒரே வண்ண வரிசை இருக்கட்டும்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. கிகாபிட் வேகத்துக்கு எட்டு இழைகளும் வேண்டும். ஓர் இழை பிடிக்காமல் போனாலும் பல நேரம் இணையம் நிற்காது, 100 எம்பிபிஎஸ்ஸுக்குச் சத்தமில்லாமல் இறங்கிவிடும். 300 கட்டிவிட்டு ஒரு கணினியில் மட்டும் 90ஐத் தாண்டவில்லை என்றால் முதலில் தலையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கம்பியை வெறுமனே சுவரோரம் விடாமல் பிவிசி கேசிங்கில் (பிளாஸ்டிக் உறையில்) போடுங்கள். தோட்டப்புற வீடுகளில் எலி கடிக்காத கம்பி இல்லை.

6. வைஃபை, இரண்டாவது ரௌட்டர்

ரௌட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை இருக்கும். 2.4 சுவரைத் தாண்டித் தூரம் போகும், வேகம் குறைவு. 5 வேகமானது, இரண்டு சுவருக்கு அப்பால் சுருண்டுவிடும். ரௌட்டர் உள்ள அறையில் இருப்பவர்கள் 5ஐயும், பின்னறையில் இருப்பவர்கள் 2.4ஐயும் பிடிக்கட்டும். நெருக்கமான தாமானில் 2.4க்கான சேனலை 1, 6, 11 மூன்றில் எது காலியோ அதில் வையுங்கள். இடைப்பட்ட எண்கள் ஒன்றையொன்று மிதிக்கும்.

தகரத் தடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்பதனப் பெட்டி, பெரிய நிலைக்கண்ணாடி இவை அலையை மறிக்கும். பின்னால் தகரம் அடித்து நீட்டிய அடுப்படியில் வைஃபை கிடைக்காததற்கு அந்தத் தகரமே காரணம்.

அப்படிப்பட்ட இடத்துக்குப் பழைய ரௌட்டர் ஒன்றையே இரண்டாவது வைஃபை முனையாக்கலாம். ஆனால் அதை அப்படியே கொண்டுபோய்ச் செருகக் கூடாது. காரணம் இது: நிறுவனம் உங்கள் வீட்டுக்குக் கொடுப்பது ஒரே ஒரு வெளி முகவரி. வீட்டுக்குள் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி உள் முகவரி கொடுப்பது ரௌட்டரின் வேலை. டிஹெச்சிபி என்பது அதுதான். ஒரே வீட்டில் இரண்டு ரௌட்டரும் முகவரி கொடுக்கத் தொடங்கினால், ஒரு கணினி ஓடும், இன்னொன்று வைஃபை காட்டும் ஆனால் இணையம் வராது, பிரிண்டர் ஒருவருக்குத் தெரியும் மற்றவருக்குத் தெரியாது. என்ன கோளாறு என்றே பிடிபடாமல் ரௌட்டரையே மாற்றுபவர்கள் உண்டு.

செய்ய வேண்டிய முறை:

பழைய ரௌட்டரை மட்டும் தனியே ஒரு கணினியோடு கம்பியில் இணைத்து அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போங்கள். “அக்செஸ் பாயிண்ட்” என்ற முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் போதும், கம்பியை எந்தத் துளையில் செருகுவது என்று அதன் கையேடு சொல்லும்.

அந்த முறை இல்லையென்றால் டிஹெச்சிபியை அணையுங்கள். பிறகு அதன் முகவரியை மாற்றுங்கள். முதல் ரௌட்டர் 192.168.0.1 என்றால் இதற்கு 192.168.0.2. முதலாவது 192.168.1.1 என்றால் இது 192.168.1.2. முதல் ரௌட்டர் கணினிகளுக்குக் கொடுக்கும் எண் வரிசையில் அந்த 2 வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ரௌட்டரின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கம்பியை இதன் லேன் போர்ட்டிலேயே செருகுங்கள். வேறு நிறத்தில் தனியாக இருக்கும் வேன் போர்ட்டை (வெளி லைனுக்கான துளையை) தொடாதீர்கள். வைஃபை பெயரும் பாஸ்வர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், சேனல் மட்டும் வேறு.

கம்பி இழுக்க வழியே இல்லாத வீட்டுக்கு மெஷ் கருவி ஜோடியாகக் கிடைக்கும், 250 ரிங்கிட்டிலிருந்து மேலே. வசதியானதுதான். ஆனால் கம்பி இழுக்க முடிந்த வீட்டில் அந்தப் பணத்தைச் செலவழிக்க அவசியம் இல்லை.

7. ஒவ்வொரு கணினியிலும்

விண்டோஸ் முதன்முறை இணையும்போது இது தனிப்பட்ட இணைப்பா பொது இணைப்பா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வீட்டில் “தனிப்பட்ட” என்று வைத்தால்தான் பிரிண்டரையும் கோப்புகளையும் பகிர முடியும். ஒரே நாளில் எல்லாக் கணினியும் விண்டோஸ் புதுப்பிப்பை இறக்கினால் இணையம் மந்தமாகும். டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற அமைப்பில், உள்வலையில் உள்ள மற்றக் கணினிகளிலிருந்து எடுக்கும்படி வையுங்கள். ஒன்று இறக்கியதை மற்றவை அதனிடமே வாங்கிக்கொள்ளும்.

வைஃபை இல்லாத பழைய மேசைக் கணினிக்கு யூஎஸ்பி வைஃபை செருகி 30லிருந்து 60 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும்.

8. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாமா?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை மறுப்பது கஷ்டம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எஸ்பிஎம் பரீட்சை, பாஸ்வர்ட் கேட்கிறாள், எப்படி இல்லை என்பது? கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். கொடுக்கும் முன் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது சட்டம். 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஓர் இணைய இணைப்பிலிருந்து ஏதாவது வெளியிடப்பட்டால், அந்த இணைப்பு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே வெளியிட்டதாக முதலில் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் அவருடையது. அறுபது வயது அம்மாவின் பெயரில் லைன் இருந்து, யாரோ ஒரு பையன் அதில் உட்கார்ந்து ஒருவரைப் பற்றிக் கண்டபடி எழுதினால், கேள்வி முதலில் அம்மாவிடம்தான் வரும். அதனால் முக்கிய பாஸ்வர்டை வெளியே கொடுக்காதீர்கள். ரௌட்டரில் விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று திறக்கலாம், அதில் வருபவர்களுக்கு உங்கள் கணினியும் பிரிண்டரும் தெரியாது. நம்பிக்கையானவர்களுக்கு மட்டும் அதைக் கொடுத்து, அடிக்கடி பாஸ்வர்டை மாற்றுங்கள்.

இரண்டாவது ஒப்பந்தம். வீட்டு லைனைக் காசு வாங்கிக்கொண்டு பிறருக்கு விற்பதைச் சேவை ஒப்பந்தங்கள் அனுமதிப்பதில்லை. மாதம் இருபது ரிங்கிட் வாங்கி நான்கு வீட்டுக்குப் பிரித்துக் கொடுப்பது அந்த வகையில் சேரும்.

மூன்றாவது இடி. இதை யாரும் சொல்வதில்லை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு வெட்டவெளியில் லேன் கம்பி இழுக்காதீர்கள். நம் ஊரில் மாலை நேரத்து இடி எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. அருகில் மின்னல் விழுந்தால் அந்தச் செம்புக் கம்பி வழியாக இரண்டு வீட்டுக் கருவிகளும் ஒன்றாகப் போகும், கணினியைத் தொட்டுக்கொண்டிருப்பவருக்கும் ஆபத்து. பின்வீட்டில் அண்ணன் குடும்பம் இருந்து, அங்கும் கொண்டுபோக வேண்டும் என்றால், வீட்டுக்கு ஒன்றாக வைத்து அலை வழியே இணைக்கும் கம்பியில்லாப் பிரிட்ஜ் கருவி ஜோடி அல்லது உலோகம் கலக்காத ஃபைபர் கம்பி மட்டும்தான்.

9. ஃபைபர் வராத தோட்டத்துக்கு

சிம் போட்டு ஓடும் 4ஜி ரௌட்டர்தான் எளிய வழி. வாங்கும் முன் எந்த நிறுவனத்தின் அலை உங்கள் வீட்டில் நன்றாக வருகிறது என்று அக்கம்பக்கத்துக் கைப்பேசிகளில் சோதித்துப் பாருங்கள். காலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் பாருங்கள், இரவில் எல்லாரும் வீட்டுக்கு வந்தபிறகு வரும் வேகம்தான் உங்களுக்குக் கிடைக்கப்போவது. ரௌட்டரைக் கோபுரம் இருக்கும் திசையில் உள்ள ஜன்னலோரம் உயரத்தில் வையுங்கள். செம்பனைக்கு நடுவே உள்ள லயனில் வெளி ஆன்டெனா பொருத்தும் துளை உள்ள ரௌட்டரே நல்லது.

“அன்லிமிட்டட்” என்ற சொல்லை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும், ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு உண்டா, இந்தச் சிம்மை ரௌட்டரில் போடலாமா என்று மூன்றையும் கேளுங்கள். கைப்பேசித் திட்டத்தில் ஹாட்ஸ்பாட்டுக்குச் சின்ன அளவே ஒதுக்கியிருப்பார்கள், ஒரு விண்டோஸ் புதுப்பிப்பில் அது தீர்ந்துவிடும். ஒவ்வொரு கணினியிலும் வைஃபை அமைப்பில் “மீட்டர்ட் கனெக்ஷன்” என்பதைப் போட்டு வைத்தால் பெரிய இறக்கங்கள் பெரும்பாலும் நிற்கும்.

ரௌட்டரே இல்லை, ஒரு கணினியில் மட்டும் இணையம் இருக்கிறது என்றால், விண்டோஸில் உள்ள “மொபைல் ஹாட்ஸ்பாட்” வழியாக அதிலிருந்தே எட்டுக் கருவிகள் வரை பகிரலாம். அந்தக் கணினி அணையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

10. இடி, பழுது, புகார்

ஃபைபர் கம்பி மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரௌட்டரின் அடாப்டர் வழியாக மின்னல் உள்ளே வரும். மழை இருட்டும்போது பிளக்கைக் கழற்றிவிடுவதே சிறந்த பாதுகாப்பு. சுவர்ச் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போகாதீர்கள். பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர்கள் சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் ஒன்றை வாங்கி, ரௌட்டரையும் ஸ்விட்ச்சையும் அதில் போடுங்கள்.

இணையம் நின்றால் முதலில் ரௌட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் பெரும்பாலும் வெளி லைனில் பழுது, உள்ளே எதையும் மாற்ற வேண்டாம். எல்லா விளக்கும் பச்சையாக இருந்து ஒரு கணினியில் மட்டும் வரவில்லை என்றால் பழுது உங்கள் வீட்டுக்குள்.

புகார் செய்யும்போது ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட் எண்ணைக் கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். பழுதான நாட்களுக்குப் பில்லில் கழிவு கேட்க அந்த எண் வேண்டும், தானாகக் கழிப்பார்கள் என்று நம்பியிருக்காதீர்கள். நிறுவனம் சொன்ன தேதிக்குள் சரிசெய்யாவிட்டால், அந்த எண்களோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் புகார் தளத்தில் பதியுங்கள். முதலில் நிறுவனத்திடம் புகார் செய்த எண் இல்லாமல் அங்கே போனால், திரும்ப நிறுவனத்திடமே அனுப்புவார்கள். இயங்கலையில் பதியத் தெரியாத பெரியவர்கள் அருகில் உள்ள நாடி மையத்துக்கு (அரசாங்கத்தின் சமூக இணைய மையம்) மைகார்டையும் கடைசி மூன்று மாதப் பில்லையும் கொண்டுபோனால், அங்கிருக்கும் பிள்ளைகளிடம் உதவி கேட்கலாம்.